இலைச்சாற்றுத் தொட்டிகள்

ஆராய்ச்சி நிலையத்தில் அவரைத் தொட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாகத் தினக்கூலி. தொட்டி கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, மீனுக்குத் தீனி பிசைவது எல்லாம் அவர் பொறுப்பு. நிரந்தரமாக்குகிறேன் என்று பேராசிரியர் வருஷா வருஷம் சொல்லிவந்தார். மீனின் பயத்தைத் தணிக்கும் என்று அவர் நம்பிய இலைச்சாறு ஜெயித்தால் என்று இப்போது ஒரு நிபந்தனையும் சேர்ந்திருந்தது.

ஆறு தொட்டிகளில் தீனியோடு இலைச்சாறு. மற்ற ஆறில் வெறும் தீனி. இரண்டு மாதம் கழித்து ஒவ்வொரு மீனையும் வலையில் எடுத்து, ஒரு நிமிஷம் தண்ணீருக்கு வெளியே பிடித்து, வாளியில் விட வேண்டும். அரை மணி கழித்து ரத்தம் எடுப்பார்கள். பயந்த மீனின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். சாறு தின்ற மீன்களுக்கு மற்றதில் பாதிகூட ஏறவில்லை. பேராசிரியர் எல்லோருக்கும் காபி வரவழைத்தார்.

தொட்டிக்காரருக்குக் காபி இறங்கவில்லை. சாற்றுத் தொட்டிகளில் வலை போட்டது அவர். ஒரே வீச்சு; மீனுக்கே தெரியாது. வெறும் தீனித் தொட்டிகளில் போட்டது ஆராய்ச்சி மாணவி. துரத்தித் துரத்தித் தண்ணீரையே கலக்கிவிட்டுத்தான் அவள் பிடிப்பாள்.

போய்ச் சொல்லிவிட்டார்.

"கை வித்தியாசம்தான் சார். சாறு ஒண்ணும் பண்ணின மாதிரி தெரியலை."

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப மறுபடி செய்வோம். பன்னிரண்டு தொட்டியும் நீங்களே பிடிங்க."

வீட்டில் இதைக் கேட்ட மனைவி பொரிந்து தள்ளினாள்.

"பெரிய அரிச்சந்திரன். முட்டி தேஞ்சு போச்சு, இன்னும் தினக்கூலி. நாளைக்குப் படுத்துட்டா அந்த மீனா வந்து சோறு போடும்?"

இரண்டாம் முறை சாற்றுத் தொட்டிகளில் வழக்கம்போல் எடுத்தார். வெறும் தீனித் தொட்டிக்கு வந்ததும் வலையை இறக்கி மூலைக்கு மூலை விரட்டினார். மீன்கள் கண்ணாடியில் மோதின. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மாணவி நிமிர்ந்தாள்.

"என்னண்ணே, இன்னிக்குக் கை வரலையா?"

"வயசாச்சும்மா."

அவள் குனிந்து எழுதினாள்.

சாறு ஜெயித்தது. நிரந்தர உத்தரவும் வந்தது. மனைவி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் துணிக்கடியில் வைத்தாள்.

மறுவாரம் பேராசிரியர் கூப்பிட்டார்.

"அடுத்தது நாற்பது தொட்டி. வருஷத்துக்கு நாலு தடவை. வலையை வேற யார்கிட்டேயும் கொடுக்கப் போறதில்லை. உங்க கையை நம்பித்தான் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"சரி சார்."

ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருஷம். நாற்பதில் பாதித் தொட்டிகள் வெறும் தீனி. எத்தனை தடவை விரட்ட வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் பெருக்கத் தொடங்கியவர் பாதியில் விட்டுவிட்டு, புதுத் தொட்டிகளைக் கழுவப் போனார்.