எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆவணி மாதக் காலை. இடம், அயோத்தியாப்பட்டணத்தில் ஆத்தூர் ரோட்டை ஒட்டிய ஒரு லாரி ஷெட். பம்பாய் லைனுக்கு டிரைவர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் போயிருந்தேன். நான் ஓட்டிய செங்கல் லாரியை முதலாளி விற்றுவிட்டதால் மூன்று மாதமாக வீட்டில் சும்மா இருந்தேன். இதுவும் கிடைக்காவிட்டால் மூட்டை தூக்கத்தான் போக வேண்டும்.

கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அங்கேதான் சிக்கல். இங்கிலீஷ் பாடத்துக்குப் பயந்தே ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எதற்கும் பயப்படுவேன். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன்; ஊரே கேலி செய்யும். பம்பாய் லைனில் ஓடிக்கொண்டிருந்த என் மச்சான்தான், "பத்து வார்த்தைய அரைகொறையா படிக்காதீங்க மாப்ள. ஒண்ணை முழுசா படிச்சுக்கங்க" என்று 'லூஸ்' என்ற வார்த்தையைக் கொடுத்தார்.

இறுகாத நட்டு லூஸ். தொளதொள சட்டை லூஸ். மூட்டையாக இல்லாமல் அளந்து விற்கும் அரிசி லூஸ். மழையில் ஊறிச் சக்கரத்தை இழுக்கும் ரோட்டோர மண் லூஸ். கட்டாமல் திரியும் மாடுகூட லூஸ்தானாம். பஸ்ஸில் வழியெல்லாம் இதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு ஸீட்டுக்குப் போய்விட்டார்.

ஷெட்டில் என்னோடு ஆறு பேர். பம்பாயிலிருந்து வந்திருந்த மேனேஜருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. எனக்கு முன்னால் போனவர் இங்கிலீஷில் பொழிந்து தள்ளினார். நான் என் ஒரே வார்த்தையை இன்னொரு தடவை முணுமுணுத்துக்கொண்டேன்.

என் முறை வருவதற்குள் ஜவ்வரிசி ஏற்றிய லாரி ஒன்று பம்பாய் கிளம்பத் தயாரானது. சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எல்லாரும் கும்பிட்டபோது என் கை மட்டும் சும்மா இருக்கவில்லை. அங்கே கிடந்த டயர் லீவரை எடுத்துப் பின்சக்கர நட்டுகளைத் தட்டினேன். இறுகிய நட்டு 'ணங்' என்னும். மூன்று நட்டுகள் 'டொக்' என்றன.

டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, பூசை போட்ட வண்டியில என்னத்தத் தட்டறீங்க? தள்ளுங்க" என்றார். நான் வாயெடுப்பதற்குள் பழம் நசுங்கி, வண்டி நகர்ந்துவிட்டது. பழம் நசுங்கிய வண்டியை மறிப்பது எங்கள் தொழிலில் பெரிய அபசகுனம். மறித்து, என் காது பொய்யாகிவிட்டால் வேலை என்ன, அந்த ஷெட் வாசலையே மிதிக்க முடியாது. ஆனால் அந்த 'டொக்' காதை விட்டுப் போகவில்லை. மேனேஜர் முன்னால் ஓடி நின்று, "வீல் நட் லூஸ் சார்" என்றேன்.

அவர் கை காட்ட, வண்டி நின்றது. டிரைவர் திட்டிக்கொண்டே இறங்கி வந்து நட்டைத் தொட்டார். விரலோடு சுற்றியது. முகம் வெளுத்துப்போய், "தொப்பூர் மேட்டுல சக்கரமே கழண்டு உழுந்திருக்கும் சாமி" என்றார்.

மேனேஜர் வண்டியைக் காட்டி ஏதோ கேட்டார். வேறென்ன என்றுதான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எங்கிருந்து வந்ததோ தைரியம், வண்டியைச் சுற்றி வந்து, தார்ப்பாய்க் கயிறு லூஸ், ஹாரன் ஒயர் லூஸ் என்று அடுக்கினேன். கடைசியில் மச்சானிடம் இரவல் வாங்கிப் போட்டிருந்த என் சட்டையைப் பிடித்துக் காட்டி, அதுவும் லூஸ் சார் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இங்கிலீஷு எவ்வளவு தெரியும்?" என்று ஷெட் கணக்கப்பிள்ளை கேட்டார்.

"இந்த ஒண்ணுதானுங்க."

அவர் அதை மேனேஜரிடம் எடுத்துச் சொல்ல, மேனேஜர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாளே வண்டி எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நட்டுகளை முறுக்கிய பிறகு, புதுப் பழங்களை என் கையாலேயே வைக்கச் சொன்னார் அந்த டிரைவர்.

பிறகு எத்தனையோ வார்த்தைகள் கற்றுக்கொண்டேன். ஆனாலும் இன்றைக்கும் வண்டியில் ஏறுமுன் நட்டுகளைத் தட்டி 'ணங்' கேட்கும்போது, ஊரே கேலி செய்த என் பயத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்துதான் ஏறுகிறேன்.