ஏஞ்சலின் போட்ட ஷிப்ட்

மைதானத்துக்குள் கால் வைக்கும் முன் நோட்டைக் காட்ட வேண்டும். ஏஞ்சலின் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு ஒவ்வொருத்தியிடமும் நோட்டை வாங்கிக் கடைசி வரியை மட்டும் பார்க்கிறாள். "கணக்கு, வடிவியல், ஆறாவது கணக்கு, படம் போட்டாச்சு, நிரூபணம் பாக்கி" என்று இருந்தால் உள்ளே போகலாம். "கணக்கு படித்தேன்" என்று மொட்டையாக இருந்தால் ஓரமாக உட்கார்ந்து ஒழுங்காக எழுதிவிட்டுத்தான் ஷூ மாட்டலாம். "ரிலீவர் வந்து மெஷினாண்ட நின்னா, எங்க உட்டோம்னு அதுக்குத் தெரியணும்ல? ஊட்டுக்குப் போயி புக்கத் தொறந்து வெச்சி தேடிகினு இருந்தா, அதுலயே அர மணி நேரம் பூடும்" என்பாள்.

ரிலீவர் என்பது அடுத்த ஷிப்டுக்கு வந்து மெஷினை ஏற்றுக்கொள்கிற ஆள். ஏஞ்சலினைப் பொறுத்தவரை பந்து ஆடுகிற பெண்ணும் பாடம் படிக்கிற பெண்ணும் ஒரே மெஷினுக்கு மாறி மாறி வரும் இரண்டு ஆட்கள். ஒருத்தி போகும்போது மற்றவளுக்கு விவரம் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

அவளுக்கு இருபத்தாறு வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நானும் அவளும் ஒரே கம்பெனி. எனக்கு ஸ்டோர்ஸ், அவளுக்குக் குவாலிட்டி. பிரஸ்ஸிலிருந்து வந்து விழும் இரும்புத் துண்டுகளை அளவு பார்த்துத் தேறியதையும் தேறாததையும் பிரித்துப் போடுவது வேலை. நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. கேன்டீன் சாம்பாரைக்கூட "பாஸு" என்றுதான் சொல்வாள். காலை ஷிப்ட் வாரங்களில் இரண்டு மணிக்கு வெளியே வந்து, புதுவாயல் கூட்டுரோட்டில் பரோட்டா தின்றுவிட்டு, நாலரைக்கு மைதானத்தில் நிற்பாள். மைதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு கம்பெனி மதிலுக்கும் லாரிகள் நிற்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள பொட்டல் அது. அங்கே பதினாலு பெண்கள் ஆடுகிறார்கள். எனக்குக் கால்பந்தில் தெரிந்தது, பந்து உருண்டை என்பது மட்டும். ஆனாலும் ஓய்வான நாட்களில் போய் நிற்பேன். வீட்டில் சும்மா இருந்தால் ரேஷன் கடைக்கு அனுப்புவார்கள்.

அந்தப் பதினாலு பேரில் ஒருத்தி ஸ்நேகா, பத்தாம் வகுப்பு. சென்ற ஆகஸ்டில் மாவட்டத் தேர்வில் தேறி, பொங்கல் கழித்து நடக்கவிருந்த மாநில முகாமுக்கு அவள் பெயர் வந்தது. வந்த கையோடு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, பத்தாவதோட நிறுத்திடறேன். இனிமே பாலு மட்டும்தான்" என்றாள். ஏஞ்சலின் அவளைப் பக்கத்தில் குந்தவைத்துத் தன் கதையைச் சொன்னாள். நானும் முதல்முறையாக அன்றுதான் கேட்டேன்.

"நானும் மாவட்ட டீம்ல இருந்தேன். ரெண்டாவது கோல்கீப்பரு. அஞ்சு மேட்ச். அஞ்சு மேட்ச்சும் பெஞ்சுல குந்திகினு ஆரஞ்சு உரிச்சிக் குடுத்தேன். திரும்பி வந்து பிளஸ் டூ எழுதனா, கெமிஸ்ட்ரில மூணு மார்க்குல புட்டுகிச்சு. அந்த பெஞ்சுலயே புக்க வெச்சி படிச்சிருந்தா முப்பது மார்க்கு வந்திருக்கும். டீம்ல பதினோரு பேருதான் ஆடுவாங்க. மிச்ச பேரு கத இன்னானு யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். பாலையும் உடாத, புக்கையும் உடாத. ரெண்டுக்கும் நான் டைம்டேபிள் போட்டுத் தரேன்."

போட்டும் கொடுத்தாள். அதில்தான் ஆனைக்கும் அடி சறுக்கியது.

எட்டு வருடமாக வாரம் ஒரு ஷிப்டில் ஓடுகிற பெண். உலகத்தில் எல்லாருக்கும் திங்கட்கிழமை வந்தால் நேரம் மாறும் என்றே அவளுடைய உடம்புக்குப் பழகிவிட்டது. ஸ்நேகாவுக்கும் அப்படியே போட்டுவிட்டாள். ஒரு வாரம் விடியலில் நாலு மணிக்கு எழுந்து படிப்பு, சாயங்காலம் பந்து. அடுத்த வாரம் விடியலில் பந்து, ராத்திரி பன்னிரண்டு வரை படிப்பு. மறுபடி மாற்றம். பச்சை மையிலும் சிவப்பு மையிலும் அழகாகக் கோடு போட்ட அட்டை. நான்கூடப் பாராட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காலாண்டுக் கணக்குத் தேர்வு, நேரம் மாறிய வாரத்தின் இரண்டாவது நாளில் வந்தது. ஸ்நேகா கேள்வித்தாளை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டாள். மார்க் முப்பத்தொன்று. அப்பா வரதன் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. முகாமுக்குப் பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய படிவத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஷூவையும் சேர்த்து.

ஸ்நேகா இல்லாத மைதானத்தில் ஏஞ்சலின் நாலு நாள் யாருடைய நோட்டையும் கேட்டு வாங்கவில்லை. ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும், என்னையும் இழுத்துக்கொண்டு வரதன் வீட்டுக்குப் போனாள். கையில் ஒரு தாள். அது எங்கள் கம்பெனிகளில் எல்லாருக்கும் தெரிந்த, எல்லாரும் வெறுக்கும் தாள். ஒரு துண்டு கெட்டுப்போனால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, கடைசிப் பதிலின் கீழே சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒய்-ஒய் ஷீட் என்பார்கள்.

வரதன் இன்னொரு கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறவர். தாளைப் பார்த்ததுமே அவர் முகம் கடுத்தது. "இது இன்னாம்மா, ஊட்டுக்கும் தூக்கினு வந்துட்ட?"

"படிங்க அண்ணா."

அவர் வாய்விட்டுப் படித்தார். மார்க் ஏன் குறைந்தது? தூங்கினாள். ஏன் தூங்கினாள்? முந்தின ராத்திரி பன்னிரண்டு வரை விழித்திருந்தாள். ஏன் விழித்தாள்? அந்த வாரம் நேரம் மாறியது. ஏன் மாறியது? டைம்டேபிளில் அப்படி இருந்தது. ஏன் அப்படி இருந்தது? அந்த ஐந்தாவது வரியில் அவர் நின்றுவிட்டார். 'போட்டவள் ஏஞ்சலின். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஷிப்ட் போட்டது தப்பு' என்று எழுதி, அவளே கையெழுத்தும் போட்டிருந்தாள்.

வரதன் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, மனைவி ஞானம்மாவிடம், "ஏம்மே, பதினெட்டு வருசமா இந்த ஷீட்ல கையெழுத்துப் போடறேன். கடைசி வரில எப்பவும் ஆபரேட்டர் தப்புனுதான் இருக்கும். குவாலிட்டிக்காரங்க தன் பேர எழுதி இன்னிக்கிதான் பாக்கறேன்" என்றார். ஞானம்மா எங்களுக்கு டீ வைக்கப் போனார். அதுவரை எங்களை உட்காரச் சொல்லக்கூட இல்லை.

புது ஏற்பாடு அங்கேயே பேசி முடிந்தது. இனி ஸ்நேகாவுக்கு ஜெனரல் ஷிப்ட் மட்டும். விடியலில் ஐந்திலிருந்து ஏழு வரை படிப்பு, சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை பந்து, ஒன்பதரைக்குத் தூக்கம். திங்கள் வந்தாலும் தீபாவளி வந்தாலும் மாறாது. பரீட்சை வாரத்தில் பந்து இரண்டே நாள், அதுவும் உடம்பு இளகுவதற்கு. வரதன் ஒரு நிபந்தனை போட்டார். "அரப்பரீட்சைல கணக்குல அறுவது. ஒண்ணு கொறஞ்சாலும் கேம்ப்பு கெடையாது."

"அறுவது வாணாம் அண்ணா, அறுவத்தஞ்சு வெச்சிக்குங்க" என்றாள் ஏஞ்சலின். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற பிறவி அவள். கதவோரம் நின்ற ஸ்நேகா அவளைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

அடுத்த மூன்று மாதம் ஏஞ்சலினுக்குத்தான் பேஜாரு. தனக்கு மதிய ஷிப்ட் வரும் வாரங்களில், விடியலில் ஐந்து மணிக்கு ஸ்நேகாவுக்குப் போன் போட்டு, அவள் 'எழுந்துட்டேன்கா' என்ற பிறகும் பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை போடுவாள். கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தின்றுகொண்டிருப்பாள். "இந்த இருபடிச் சமன்பாட்ட கண்டுபுட்சவன் எந்த டிபார்ட்மென்ட்டு?" என்று ஒருநாள் கேட்டாள். ஆள் கிடைத்தால் ஷீட் நீட்டியிருப்பாள்.

ஜனவரி பிறந்து பள்ளி திறந்தது. படிவம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை கணக்குத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். ஸ்நேகாவின் மார்க் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. தாளை முதலில் நைனா வரதனிடம்தான் காட்ட வேண்டும் என்று வீட்டில் கட்டளையாம். மணி ஐந்து ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. ஏஞ்சலின் கோலில் நின்றாளே தவிரப் பார்வை முழுக்க ரோட்டில். தவழ்ந்து வந்த பந்துகூட அவள் கால் நடுவே உள்ளே போனது.

ஆறுக்குச் சற்று முன் வரதனின் வண்டி வந்து நின்றது. பின்னால் ஸ்நேகா. வரதன் கம்பெனி யூனிபார்மோடு இறங்கி வந்து படிவத்தை நீட்டினார். கையெழுத்து இருந்தது. அதோடு கணக்குத் தாளையும் குண்டூசி குத்திக் கொண்டுவந்திருந்தார். எழுபத்தொன்று. ஏஞ்சலின் நம்பவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டி, விரல் வைத்துக் கூட்டினாள்.

"கரீட்டுதான். நானும் மூணு வாட்டி கூட்டிப் பாத்துட்டேன்" என்றார் வரதன். "பஸ்சு எத்தினி மணிக்குனு சொல்லு. நானே லீவு போட்டு இட்டுகினு போறேன்."

ஏஞ்சலின் தாள்களை ஸ்நேகாவின் கையில் கொடுத்தாள். காலடியில் கிடந்த பந்தை எடுத்துக் கோலுக்குள்ளிருந்தே ஓங்கி உதைத்தாள். அது பொட்டலைத் தாண்டி, கம்பெனி மதிலையும் தாண்டி எங்கோ போய் விழுந்தது. உள்ளேயிருந்து செக்யூரிட்டி சத்தம் போட்டார். வாழ்நாளில் ஒரு கோல்கூடப் போடாத அந்த கோல்கீப்பர், இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு, மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள்.