புரட்டாசியில் கோழி பிரியாணி

எங்கள் செலண்டார் ஊர்த் தேவாலயத்துக்கு இளைஞர் மண்டபம் கட்ட, சனிக்கிழமை கோழி பிரியாணி விற்று நிதி திரட்ட முடிவு செய்தோம். பொறுப்பு என்னுடையது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், கூப்பனோடு பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவிடம் ஓடினேன்.

"ஏய் ஸ்டெல்லா, அன்னிக்குப் புரட்டாசி சனிக்கிழமை லா! இந்தத் தாமான் குடியிருப்புல பாதிப் பேரு சைவம். யாரு வாங்குவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை, கடையில் கோழிக்கு இன்னும் சொல்லவில்லை! உடனே காய்கறி பிரியாணிக்கு மாற்றினோம்.

"உங்க தேவாலயச் சட்டில கறி ஆக்கியிருப்பீங்க. என் சட்டிய எடுத்துக்கோ," என்றார் அக்கா.

சனிக்கிழமை மதியத்துக்குள் அந்தப் பெரிய சட்டி காலி!

இப்போதெல்லாம் அக்கா வீட்டுத் தமிழ்க் காலண்டரைப் பார்த்த பிறகே எதற்கும் தேதி குறிக்கிறேன். ஐப்பசியில் கோழி பிரியாணி போட்டோம். முதல் கூப்பன் வாங்கியவர் லெட்சுமி அக்காதான்!