வட்டகொடையில் டேலியாக்கள் காணாமல் போன காலை

இலையுதிர் காலம் என்று ஒன்று நம் நாட்டில் கிடையாதுதான். ஆனால் ஒக்டோபர் கடைசியில் மலையகத்துக் காலை வெயிலைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரைச் சொன்னதற்காக என்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள். இரண்டு மழைகளுக்கு நடுவே சாய்வாக விழும் மஞ்சள் வெயில் அது. பத்து மணி தாண்டினால் முகில் மூடிவிடும். அந்த வெயிலில் பூந்தோட்டங்களைப் படம் பிடிக்கத்தான் 2003இல் அந்தப் பக்கம் போனேன். கொழும்பில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நாட்காட்டிக்குப் பன்னிரண்டு படங்கள் கேட்டிருந்தார். நான் யாழ்ப்பாணத்தான், கொழும்பில் ஆசிரியன். கமரா வெறும் பொழுதுபோக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். உண்மையில், என் படம் முதன்முதலாக அச்சில் வரப்போகிறது என்ற சந்தோஷப் புளுகத்தில் நித்திரையே வரவில்லை.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலை ஐந்து ஐம்பத்தைந்துக்குப் புறப்படும் பதுளை ரயிலைப் பிடித்தால், மதியத்துக்குக் கொஞ்சம் பிந்தி நானுஓயா. அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர், பஸ்ஸிலேயே போகலாம். இரண்டு நாளில் பங்களாத் தோட்டங்களில் பதினொரு படம் எடுத்துவிட்டேன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே உயரத்துக்கு வெட்டிய ரோஜாக்கள், காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்கத் தொழிலாளர்கள் வரிசையில் நிற்பதைப் போல நின்றன. எனக்கு அலுத்துவிட்டது.

திரும்பும் வழியில் வட்டகொடை நிலையத்துக்கு ஓட்டோவில் வரும்போதுதான் அதைக் கண்டேன். தேயிலைக்கு நடுவே ஒரு பழைய லயம், தொழிலாளர்களின் ஒற்றை அறை வீடுகள் ஒட்டி நிற்கும் வரிசை. அதன் கடைசிக் காம்பராவின் முன்னால், ஆளுயரத்துக்கு டேலியாக்கள், செவ்வந்தி, கூரையில் ஏறிய பூசணிக்கொடி. “நிப்பாட்டுங்கோ!” என்று நான் போட்ட சத்தத்தில் ஓட்டோக்காரர் சிவா யாரையோ மோதிவிட்டோம் என்று நினைத்துப் பிரேக் போட்டார்.

வாசலில் நின்ற பெண்ணின் பெயர் காளியம்மா. கொழுந்து பறிப்பவர், ஐம்பது வயது இருக்கும். பொழுது சாய்ந்து வெயில் போய்விட்டிருந்தது. “அக்கா, நாளைக்குக் காலமை வெயிலோடை வாறன். படம் எடுக்கலாமோ?” என்றேன். அவர் ஒரு கணம் உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு, “கட்டாயம் வாங்க சார். எட்டு மணிக்குத்தான் இங்க வெயில் எறங்கும்” என்றார். கண் கலங்கியிருந்தது. ஒரு தோட்டத்தைப் படம் எடுப்பதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தபடி தலவாக்கலையில் அறை எடுத்துத் தங்கினேன்.

மறுநாள் எட்டு மணி. வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. நான் கனவு கண்ட அதே வெயில் அந்த வாசலில் விழுந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் ஒரு பூ இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேலியாக்கள் தண்டோடு நறுக்கப்பட்டிருந்தன. செவ்வந்தி மொட்டையாக நின்றது. மாடுகூட இப்படி மேயாது. “ஐயோ, என்னக்கா இது?” என்று கத்தியேவிட்டேன்.

“விடியங்காட்டி எந்திரிச்சு நாந்தான் வெட்டுனேங்க. மால கட்ட வேணாமா?” என்றார் காளியம்மா. தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, நல்ல சேலை கட்டியிருந்தார்.

“நான் பூவைத்தானே அக்கா எடுக்க வந்தனான்!”

அவர் வாயைப் பொத்திச் சிரித்தார். “பூவுக்குப் போயி யாருங்க சார் படம் புடிப்பாங்க? அதான் வருசா வருசம் பூக்குதே!”

அதற்குள் என்னைக் கூட்டிவந்த சிவாவும் பக்கத்துக் காம்பராக்காரர் ஒருவரும் நாற்காலியோடு ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் வைத்தார்கள். காளியம்மாவின் கணவர் பெருமாள். எலும்பும் தோலுமாக இருந்தார். நெஞ்சு நோய், ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தோட்டத்தைப் போட்டவரே அவர்தான். கழுத்தில் மடிவரை தொங்கும் டேலியா மாலை.

“செவத்துல மாட்டறதுக்கு ஒரு படம் வேணும் சார்” என்றார், கடையில் சாமான் கேட்பதைப் போல. “ஐடியில இருக்கறது இளவயசுப் படம், மூஞ்சியே அழிஞ்சு போச்சு. எங்கப்பாவுக்குப் படமே இல்ல. வெறுஞ் செவத்துக்குத்தான் சாம்பிராணி காட்டுனோம். இவளுக்கு அந்தக் கெதி வேணாம்.”

மாலையையாவது கழற்றிவிட்டு எடுக்கலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“இருக்கட்டும் சார். நாளப்பின்ன மால வாங்க முடியலேன்னாலும் படத்துலயே இருக்குமில்ல?” என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கி, இருமலில் முடித்தார்.

பிலிமில் ஐந்து படம்தான் மிச்சம். நாலு எடுத்தேன். கடைசிப் படத்துக்கு, “அக்கா, நீங்களும் பக்கத்திலை நில்லுங்கோ” என்றேன்.

“எனக்கு எதுக்குங்க சார்? நான் நல்லாத்தானே இருக்கேன்” என்று அவர் ஒதுங்கினார். பெருமாள் விடவில்லை. “அட வா புள்ள” என்று இழுத்துப் பக்கத்தில் குந்தவைத்து, தன் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிட்டு, தோளில் கையை வைத்துக்கொண்டார். காளியம்மா வெட்கப்பட்டுச் சிரித்த அந்த நொடியில் அழுத்தினேன். வெயில் சரியாக அவர் முகத்தில் இருந்தது.

ஐந்து படத்தையும் பெரிதாகக் கழுவி, தோட்டத்து முகவரிக்குத் தபாலில் அனுப்பினேன். நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதத்துக்கு நண்பர் ஏதோ ஒரு நீர்வீழ்ச்சியைப் போட்டுச் சமாளித்தார்.

அடுத்த ஒக்டோபரில் மறுபடி போனேன். பெருமாள் இருக்கமாட்டார் என்று எனக்கு நிச்சயம். காளியம்மாவிடம் என்ன பேசுவது என்று ரயில் முழுக்க யோசித்துக்கொண்டே வந்திருந்தேன்.

டேலியாக்கள் முன்பைவிட உயரமாக நின்றன. நடுவே குந்தியிருந்து குச்சி கட்டிக்கொண்டிருந்தவர் பெருமாள். மெலிவுதான், ஆனால் தன் காலில் எழுந்து நின்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். “அக்கா எங்கை? கொழுந்தெடுக்க மலைக்குப் போயிட்டாவோ?”

அவர் என்னை உள்ளே கூட்டிப் போனார். சுவரில் படம் இருந்தது. கத்தரிக்கோலால் பாதியாக வெட்டிய படம். மாலையும் கழுத்துமாகக் காளியம்மா சிரித்துக்கொண்டிருந்தார். தோளில் பெருமாளின் நாலு விரல் மட்டும் மிச்சமிருந்தது.

“கொழுந்தெடுக்கையில குளவி கலைஞ்சிருச்சு சார். தலையெல்லாம் கொட்டிருச்சு. ஆஸ்பத்திரி போயி சேரல” என்றார். பிறகு வெளியே காட்டினார். “இப்ப பூவ எடுங்க. இந்த வருசம் நான் ஒண்ணும் வெட்டல. அவளுக்குத்தான் படத்துலயே மால இருக்கே.”

அந்தப் பூக்களை நான் எடுக்கவில்லை. கமராவை உறையிலிருந்து வெளியே எடுக்கவே முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஒக்டோபர் கடைசியில் போங்கள், காலை எட்டிலிருந்து பத்துக்குள் எடுத்து முடியுங்கள். வட்டகொடையில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம், தலவாக்கலையில் அறை உண்டு. தேயிலைக்குள் இறங்குமுன் குளவிக்கூடு இருக்கிறதா என்று அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். படம் அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்புங்கள். பிலிமில் கட்டாயம் கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள். “எனக்கு எதுக்கு, நான் நல்லாத்தானே இருக்கேன்” என்று யாராவது ஒதுங்கினால், அவரை முதலில் எடுங்கள்.