கனகசுந்தரம் குறித்துவைத்த காரணம்

தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் கனகசுந்தரத்துக்குப் பதினாறு வருட வேலை. அங்கே எந்த இயந்திரத்தில் எதை மாற்றினாலும் தேதி, சொன்னவர் பெயர், காரணம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். தமிழ்ச் சங்கத்தின் வரன் தேடும் பதிவுக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தபோதும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பக்கத்துக்குள்ளேயே நிரல் இருந்தது. நிரலுக்கு நடுவே அவருடைய குறிப்புகள். சர்வர் அந்த நிரலை இயக்கி, கிடைத்த பட்டியலை மட்டும் வெளியே அனுப்பும். குறிப்புகள் யார் கண்ணிலும் படாது.

1999 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை, கடலுக்கு அக்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமிலிருந்து யோகலட்சுமி தொலைபேசியில் அழைத்தார். அவர் மகள் ஞானாம்பிகையின் பெயரைப் பதிந்து எட்டு மாதம். ஒருவர்கூட ஜாதகம் கேட்கவில்லை. என்னதான் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க அன்றுதான் முதல் முறையாக சைபர் கஃபேக்குப் போயிருந்தார்.

"தம்பி, என்னலா இது? படம் ஒண்ணும் காணோம், ஒரே சதவீதக் குறியா ஓடுது. நடுவுல என் மக பேரு இருக்கு."

"என்ன போட்டிருக்கு அக்கா?"

ஆங்கிலத்தில் இருந்ததை அவர் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். "டிசம்பர் பத்து. செயலாளர் நாகநாதன் சொன்னபடி ஞானாம்பிகையைக் காட்ட வேண்டாம். தகப்பனுக்கு மனநோய்."

பிறகு தொலைபேசி வைக்கப்பட்ட சத்தம்.

கனகசுந்தரம் பக்கத்தைத் தன் கணினியில் திறந்து பார்த்தார். சாதாரணப் பக்கங்கள் ஒழுங்காக வந்தன. நிரல் உள்ள பக்கங்கள் மட்டும் எழுதியது எழுதியபடியே விரிந்தன. பக்கங்களை வைத்திருந்த இணையச் சேவை நிறுவனம் முந்தின நாள் எல்லாவற்றையும் புது சர்வர் இயந்திரத்துக்கு மாற்றியிருந்தது. இந்த வகைப் பக்கங்களை இயக்கிவிட்டு அனுப்ப வேண்டும் என்று அந்த இயந்திரத்தில் யாரும் அமைக்கவில்லை. அது கையிலிருந்ததை அப்படியே கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டது.

நாகநாதனை அழைத்தார்.

"வைரஸ்னு சொல்லிடுலா தம்பி. அவங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

"உங்க பேரு போட்டிருக்கு அண்ணே."

"அதனாலதானே சொல்றேன்!"

சேவை நிறுவனத்து அப்துல் ரஹீம் பத்தே நிமிடத்தில் சரிசெய்தார். "இப்ப பாருங்கண்ணே, ஓகேவா?" பட்டியல் அழகாக வந்தது. இருபத்திரண்டு பெண்கள். ஞானாம்பிகை அதில் இல்லை. பிழை நீங்கிய பிறகு வந்த அந்தப் பட்டியல்தான் அவரை அதிகமாக உலுக்கியது. எட்டு மாதமாக அது இப்படித்தான் சரியாக வேலை செய்திருக்கிறது.

அவளை மறைத்திருந்த நிரல் வரியை அழித்தார். இருபத்துமூன்று பேர் வந்தார்கள். பிறகு ஃபெரி ஏறி அக்கரையிலிருந்த யோகலட்சுமி வீட்டுக்குப் போனார். இதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். எட்டு மாதமும் அந்த ஃபெரி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வாசலுக்கு வந்தது ஞானாம்பிகை. அவர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"இப்ப பட்டியல்ல இருக்கேனா?"

"இருக்கேம்மா."

"எடுத்துடுங்க அங்கிள். இந்தத் தடவை நானே சொல்றேன். தேதி போட்டு எழுதிக்குங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தேதி எழுதினார், அவள் பெயரை எழுதினார். காரணத்தைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.