கையெழுத்துக்கு முன் ஓர் ஆட்டம்

காலை மணி 10.05. கல்மண்டபத்து வீடியோ கேம் கடையில் முதலில் கண்ணில் பட்டது, திரைக்கு முன் குனிந்திருந்த ஓர் அகலமான முதுகு. ஊரைக் காக்கக் கிளம்பிய இருவர் ரவுடிக் கும்பலைச் சுடும் பழைய ஆட்டம் அது. இரண்டாவது துப்பாக்கியை நான் எடுத்துக்கொண்டேன். அந்த முதுகுக்காரர் அடிதடி வழக்கில் ஜாமீனில் வந்தவர். தினமும் பத்தரைக்குள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடாவிட்டால் மறுபடியும் ஜெயில்தான். கும்பல் தலைவன் திரையில் வந்த நேரத்தில் அவருடைய மனைவி மீன் கூடையோடு வாசலில் நின்றார்.

"இன்னாய்யா, ரவுடிய சுட்டுக்கினு கீறியா? ஸ்டேசன்ல உனக்காக நோட்ட தொறந்து வச்சிக்கினு குந்திகினு கீறாங்க."

"இரு, இவன் ஒருத்தன்தான் பாக்கி."

"அவன் எங்கயும் போமாட்டான். நீதான் உள்ள பூடுவ."

துப்பாக்கியை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு அவர் ஓடினார். அந்த அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சுட ஆரம்பித்தார்.