புள்ளி தோட்டத்தில்தான் இருந்தது

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி மாதத்தில் ஒரு நாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உள்ள என் அலுவலகத்தில், பத்து மணி டீயைக் குடித்துக்கொண்டே செல்போனைப் பார்த்தேன். வரைபடத்தில் அப்பாவைக் குறிக்கும் புள்ளி, அவர் தோட்டத்தில்தான் இருக்கிறார் என்று காட்டியது. நிம்மதியாகப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அம்மா போன பிறகு அப்பா பரமத்தி வேலூரில் தனியாக இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. எங்களோடு வந்து இருங்கள் என்றால், "கொடிக்கால ஆரு பாக்கறது?" என்று ஒரே கேள்வியில் வாயடைத்துவிடுவார். அந்த வெற்றிலைத் தோட்டத்துக் கொடிகளை விட்டுவிட்டு அவரால் இரண்டு நாள் இருக்க முடியாது. ஒருமுறை மத்தியானம் வரை போனை எடுக்கவே இல்லை. நானும் பெங்களூரில் இருக்கும் தம்பியும் பதறிப்போனோம். கடைசியில் பார்த்தால், மனிதர் ஒரு கல்யாணப் பந்தியில் ஹாயாக உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே முடிவெடுத்தோம், அப்பா எங்கே இருக்கிறார் என்று காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுவிட வேண்டியதுதான் என்று.

மிக்ஸி வாங்கவே ஒரு மாதம் அலசுகிற ஆள் நான். சும்மா விடுவேனா? தம்பி சொன்ன முதல் ஆப், மாலைக்குள் சார்ஜையெல்லாம் குடித்துத் தீர்த்தது. அடுத்தது, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவைக் காவிரியின் நடுவில் நிறுத்திக் காட்டி என்னை அலற வைத்தது. மூன்றாவதுதான் சரியாக அமைந்தது. வீடு, டீக்கடை, தோட்டத்து வேலி என்று பிசகாமல் காட்டியது.

"நான் என்ன மாட்டுக்கன்னா சாமி, கழுத்துல மணி கட்டி உடறதுக்கு?" என்று சிரித்தபடியே போனை நீட்டினார் அப்பா. அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, எங்கே இருந்தாலும் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று அரை மணி நேரம் விளக்கமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு, தினமும் சாயங்காலம் அவரிடம் பேசுவது குறைந்தது. வேணுமென்று செய்யவில்லை. புள்ளி வீட்டில் இருந்தால் சாப்பிட்டிருப்பார், கடையில் இருந்தால் நன்றாக இருக்கிறார் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

டீ குடித்தபடி போனைப் பார்த்த அன்று, பதினொன்றரை மணிக்கு அப்பாவின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது, பக்கத்து வாழைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா.

"அம்மணி, பதறாதீங்க. அய்யன் கொடிக்காலுக்குள்ள உழுந்து கெடந்தாருங்க. எந்திரிக்க முடியல. வண்டி சொல்லியாச்சு, நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். வந்துருங்க."

எப்படி நாமக்கல் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. அந்த அம்மா, சேறு காய்ந்த சேலையோடு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"வெயிலேறதுக்குள்ள வெளிய வந்துருவாருங்க. பதினோரு மணியாகியும் செருப்பு வேலியோரம் அப்படியே கெடந்துச்சு. மனசு கேக்கல, உள்ள போயிப் பாத்தனுங்க."

எங்கள் பக்கம் கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போக மாட்டார்கள். அது கோயில் மாதிரி. அப்பா போனையும் உள்ளே கொண்டுபோக மாட்டார். ஒருமுறை பாத்திக்கு நடுவே ஓடும் வாய்க்காலில் விழுந்து கெட்டுப்போனதிலிருந்து, அதை ஒரு பையில் போட்டு வேலிக் கதவான படலில் மாட்டிவிட்டுத்தான் வெறுங்காலோடு உள்ளே போவார். அந்தத் தோட்டத்தில் ஓடியாடி வளர்ந்தவள் நான். இது எனக்குத் தெரியாத விஷயமா? மூன்று ஆப்பை அலசிய என் மண்டையில் இது மட்டும் ஏறவே இல்லை. நான் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது படலில் தொங்கிய பையைத்தான். அப்பா, கொடி கட்டும்போது ஏணி சறுக்கி, காலை எட்டு மணியிலிருந்து வாய்க்கால் சேற்றில் கிடந்திருக்கிறார்.

அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இதென்னங்கம்மணி, தெனமும் பாக்கற செருப்புத்தானுங்களே" என்று கூச்சத்தோடு கையை விடுவித்துக்கொண்டு, ஆட்டுக்குப் புல்லறுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

அப்பா கண் விழித்ததும், ஆற்றாமையில் அவரிடமே கோபித்துக்கொண்டேன். "சத்தம் போட்டிருந்தா யாராச்சும் ஓடி வந்திருப்பாங்கல்லப்பா?"

"ரெண்டு தடவ கூப்புட்டேன் சாமி. அப்பறம் எதுக்குன்னு உட்டுட்டேன். நீதான் அதுல பாத்துட்டே இருக்கறயே, எப்படியும் ஆளனுப்புவேன்னு தெம்பாப் படுத்திருந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். நான் வராந்தாவுக்கு வந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுது தீர்த்தேன்.

இப்போது அப்பா கோல் ஊன்றி நடக்கிறார். ஆப்பும் போனில் இருக்கிறது, தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் காலையிலும் மாலையிலும் கூப்பிட்டுப் பேசிவிடுகிறேன். ஆனாலும், வலியோடு சேற்றில் கிடந்த அந்த மூன்று மணி நேரமும் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு மனிதர் நம்பிக் கிடந்தாரே, அதை மட்டும் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.